கம்பியைப் பொய் பேச வைக்காதே

கண்ணு, எடைமேடைகளுக்கும் சிஎன்சி இயந்திரங்களுக்கும் சர்வீஸ் பார்க்கிற வேலையில் நீ சேர்ந்திருக்கிறாய் என்று கேட்டதில் மனசு நிறைந்தது. "இன்னுமா சீரியல் போர்ட்?" என்று உன்னோடு படித்தவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். ஆர்எஸ்-232 என்கிற இந்த ஏற்பாட்டை அமெரிக்காவில் 1960-இல் வகுத்தார்கள். நாங்கள் பழகிய அதன் 'சி' திருத்தம் 1969-இல் வந்தது. மேசைக் கணினியின் முதுகிலிருந்து அந்த 9 பின் சாக்கெட் காணாமல் போய்விட்டாலும், லாரி எடைமேடையிலும் பட்டறையின் பழைய மில்லிங் இயந்திரத்திலும் ஆய்வகக் கருவிகளிலும் அது இன்றும் உழைத்துக்கொண்டிருக்கிறது.

தரவு போகவும் வரவும் அதில் இரண்டே கம்பிகள். ஒன்று கிரவுண்ட். மற்ற ஆறும் "நான் இருக்கிறேன்", "அனுப்பலாமா", "அனுப்பு", "கொஞ்சம் பொறு" என்று சொல்வதற்காகவே வைத்தவை. எங்கள் தலைமுறை பட்ட பாடுகளில் பெரும்பங்கு இந்த ஆறு கம்பிகளை மதிக்காததால் வந்தது. அந்தப் பாடு உனக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. கிரவுண்டிலிருந்து தொடங்கு. ஒரு கம்பியில் 'வோல்ட்' இருக்கிறது என்றால், இன்னொன்றோடு ஒப்பிட்டுத்தான் இருக்கிறது. 9 பின் கனெக்டரில் 5-ஆம் பின், 25 பின் கனெக்டரில் 7-ஆம் பின், இவைதான் அந்த ஒப்பீட்டுக் கம்பி. அது சரியாக இல்லாவிட்டால் மற்ற எட்டுக் கம்பிகளும் என்ன சொல்கின்றன என்று யாருக்கும் தெரியாது.

ஒரு நூற்பாலையில் எடைமேடையின் இண்டிகேட்டர் போர்ட் அடிக்கடி எரிந்தது. ஒவ்வொரு முறையும் ஐசியை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்த மூத்தவர் ஒருநாள் கூட வந்தார். கேபிளைக் கழற்றினார். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை எடைமேடைப் பக்கத்துக் கிரவுண்டிலும் மறுமுனையை அலுவலகக் கணினியின் கிரவுண்டிலும் தொட்டார். 20 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. எடைமேடைக்கு ஒரு எர்த் குழி, அலுவலகத்துக்கு வேறொரு எர்த் குழி. இரண்டுக்கும் நடுவே இருந்த வேறுபாட்டால் எழுந்த மின்னோட்டம் அந்த மெல்லிய 5-ஆம் கம்பி வழியாகப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஆப்டோ ஐசொலேட்டர் போட்ட பிறகு அந்தப் போர்ட் எரியவில்லை. எரிந்ததை மாற்றுவதற்கு முன் எரித்தது எது என்று கேட்கிற பொறுமை உனக்கு வேண்டும். இரண்டு கட்டடங்களை இணைக்கும் எந்தக் கேபிளையும் இந்த ஓர் அளவை எடுக்காமல் செருகாதே.

2. யார் பேசுகிறார், யார் கேட்கிறார் என்று மீட்டரிடம் கேள். இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் ஒரு பக்கம் டெர்மினலும் மறுபக்கம் மோடமும் இருப்பதாக வைத்துக்கொண்டார்கள். டெர்மினல் பக்கம் டிடிஇ, மோடம் பக்கம் டிசிஇ. கம்பிகளின் பெயரெல்லாம் டிடிஇ பார்வையில் வைத்தவை. 'டிரான்ஸ்மிட்' என்றால் டெர்மினல் அனுப்புவது. மோடமில் அதே பெயருள்ள பின் தரவை வாங்கும் பின். எடைமேடை இண்டிகேட்டர் தன்னை டெர்மினலாக நினைக்கிறதா, மோடமாக நினைக்கிறதா என்பதை அதைச் செய்தவர்தான் முடிவு செய்திருப்பார். இண்டிகேட்டரின் பின்புறச் சீட்டு எப்போதும் அதைச் சரியாகச் சொல்லாது.

கேபிளைக் கழற்றிவிட்டுக் கருவியை ஆன் செய். மீட்டரின் கறுப்பு முனை 5-இல் இருக்கட்டும். சிவப்பு முனையால் முதலில் 2-ஐத் தொடு, பிறகு 3-ஐத் தொடு. எதில் மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வரை ஒரு வோல்ட் நிலையாக நிற்கிறதோ, அதுதான் அந்தக் கருவி பேசுகிற கம்பி. மற்றது கேட்கிற கம்பி. உள்ளே கிரவுண்டுக்கு ஒரு தடை போட்டிருப்பதால் அது சுழியருகே கிடக்கும். இரண்டு கருவியிலும் ஒரே எண்ணில் மைனஸ் நின்றால் 2-ஐயும் 3-ஐயும் குறுக்காக மாற்றிய கேபிள் வேண்டும். வேறு வேறு எண்ணில் நின்றால் நேர் கேபிள் போதும். இது ஒரு நிமிட வேலை. இதைச் செய்யாமல் பையிலிருக்கிற கேபிள்களை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து அரைநாளைத் தொலைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

3. அமைதியாக இருக்கிற கம்பியும் ஒரு சேதி சொல்கிறது. ஒன்றும் அனுப்பாதபோது தரவுக் கம்பி சுழியில் இருக்காது, மைனஸில் நிற்கும். மைனஸ் 3-க்குக் கீழே என்றால் 1, பிளஸ் 3-க்கு மேலே என்றால் 0. நடுவில் இருப்பது எதற்கும் கணக்கில்லை. சும்மா இருக்கும்போது ஏன் 1-ஐப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்? இது தந்திக் காலத்து வழக்கம். டெலிபிரிண்டர் கம்பியில் பேச்சு இல்லாத நேரத்திலும் மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். கம்பி அறுந்தால் ஓட்டம் நின்றுவிடும், உடனே தெரிந்துவிடும். அந்தப் பழைய மனிதர்களின் கவனம் இன்றும் உன் கையிலிருக்கிற கேபிளில் இருக்கிறது. ஆகவே அமைதியான கம்பியை அளக்கும்போது மைனஸ் நின்றால், எதிர்ப்பக்கம் உயிரோடு இருக்கிறது, பேசத்தான் விஷயமில்லை என்று எடுத்துக்கொள். சுழி என்றால் கம்பி அறுந்திருக்கலாம், எதிர்ப்பக்கத்தில் மின்சாரம் இல்லாமல் இருக்கலாம். தொடர்ந்து பிளஸ்ஸில் நின்றால் 'பிரேக்' என்கிற நிலை. யாரோ வேண்டுமென்றே கூப்பிடுகிறார்கள், இல்லாவிட்டால் எதிர்ப்பக்கத்து ஐசி போய்விட்டது.

4. ஓர் எழுத்தையாவது முழுமையாகப் பார். அலைக்காட்டி கையில் கிடைக்கிற முதல் நாளிலேயே இதைச் செய்துவிடு. வேகத்தை நொடிக்கு 9600 பிட்டில் வைத்து ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஏ'-யை அனுப்பு. அதன் எண் 65. மைனஸில் நின்ற கோடு முதலில் பிளஸ்ஸுக்குத் தாவும். அதுதான் ஸ்டார்ட் பிட். 104 மைக்ரோ நொடி அங்கே நிற்கும். பிறகு எட்டுப் பிட்டுகள், சிறிய மதிப்புள்ளது முதலில்: ஒரு 1, ஐந்து 0, ஒரு 1, ஒரு 0. கடைசியில் மைனஸில் ஒரு ஸ்டாப் பிட். மொத்தம் 10 பிட், ஏறக்குறைய ஒரு மில்லி நொடி. நொடிக்கு 960 எழுத்துகள் என்ற கணக்கு இதிலிருந்து வருவதுதான்.

இதில் என் மனதைத் தொடுவது ஒன்று உண்டு. இரண்டு கருவிகளுக்கும் நடுவே நேரம் காட்டுகிற கம்பி எதுவும் கிடையாது. ஸ்டார்ட் பிட் தாவுகிற அந்த ஒரே கணத்தை வைத்துக்கொண்டு, கேட்கிற பக்கம் தன் கடிகாரத்தை நம்பி ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் எட்டிப் பார்க்கிறது. இரண்டு கடிகாரங்களும் ஏறக்குறைய 5 சதவீதம் விலகினால் ஒன்பதாவது பத்தாவது பிட்டில் பக்கத்துப் பிட்டைப் பார்த்துவிடும். நீ எந்தப் பக்கத்தைச் செய்தாலும் 2 சதவீதத்துக்குள் நில். மீதியை மற்றவனுக்கு விட்டு வை. 8051 போர்டுகளில் 11.0592 மெகாஹெர்ட்ஸ் என்று ஒரு விநோதமான கிரிஸ்டல் இருப்பதைப் பார்த்திருப்பாய். அதை 12-ஆல், 32-ஆல், பிறகு 3-ஆல் வகுத்துப் பார். மிச்சமில்லாமல் 9600 வரும். "கடையில் இது இல்லை, 12 மெகாஹெர்ட்ஸ்தான் இருக்கிறது" என்று அதைப் போட்டால் 10417 வருகிறது, 8 சதவீதத்துக்கு மேல் பிழை. புரோகிராம் சரி, கேபிள் சரி, திரையில் மட்டும் குப்பை. ஒரு மாணவர் இரவெல்லாம் புரோகிராமைத் திருத்திக்கொண்டிருந்தபோது, குற்றம் அந்தச் சின்ன உலோக டப்பியின் மேல் அச்சிட்டிருந்த எண்ணில் இருந்தது.

5. குப்பை வந்தால் அதைப் படி. திரையில் கண்டபடி எழுத்துகள் வந்தால் முகம் சுளித்து அழித்துவிடாதே. தவறு தன்னைத் தானே சொல்லிக்கொண்டிருக்கிறது. ஓர் எடைமேடையில் 0, 3, 5, 6, 9 மட்டும் ஒழுங்காக வந்தன. 1, 2, 4, 7, 8 இருக்க வேண்டிய இடங்களில் ஏதேதோ குறிகள். போர்டு கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும் என்று விலை கூடப் பேசிவிட்டார்கள். கொஞ்சம் யோசித்துப் பார். இந்த எண்களின் 7 பிட் வடிவத்தில் 0, 3, 5, 6, 9 ஆகியவற்றில் 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படை. மற்ற ஐந்திலும் ஒற்றைப்படை. இண்டிகேட்டர் 7 பிட்டும், 1-களின் எண்ணிக்கையை இரட்டைப்படையாக்கும் பாரிட்டி பிட்டும் அனுப்புகிறது; கணினி '8 பிட், பாரிட்டி இல்லை' என்று வாங்குகிறது. அந்த ஐந்து எண்களில் மட்டும் பாரிட்டி 1 ஆகி, எட்டாவது பிட்டாக உள்ளே நுழைந்துவிடுகிறது. செட்டிங்கில் இரண்டு இடம் மாற்றியதும் எடை சரியாக வந்தது. போர்டு மாற்றியிருந்தாலும் அதே குப்பைதான் வந்திருக்கும்.

எதையும் மாற்றுவதற்கு முன் இரு பக்கத்து வேகம், பிட், பாரிட்டி, ஸ்டாப் பிட் நான்கையும் நோட்டில் எழுது. பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. பதறாத காரியம் சிதறாது என்பது இந்தத் தொழிலுக்கே சொன்ன மாதிரி இருக்கும்.

6. கம்பியைப் பொய் பேச வைக்காதே. இந்தக் கடிதமே இதற்காகத்தான், கண்ணு. மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே.

9 பின்னில் 7 என்பது ஆர்டிஎஸ், 8 என்பது சிடிஎஸ். மோடம் காலத்தில் "அனுப்பலாமா?" என்று டெர்மினல் 7-இல் கேட்கும், மோடம் தன் கேரியரை எழுப்பிவிட்டு "அனுப்பு" என்று 8-இல் பதில் சொல்லும். பிற்காலத்தில் இதே கம்பிகளை இரு பக்கமும் "வாங்க இடம் இருக்கிறது" என்று காட்டப் பயன்படுத்தினார்கள். பிளஸ் என்றால் சரி, மைனஸ் என்றால் பொறு. தரவுக் கம்பிக்கு மைனஸ்தான் 1 என்றாலும், இந்தக் கட்டுப்பாட்டுக் கம்பிகளுக்குப் பிளஸ்தான் 'ஆம்'. இதைக் குழப்பிக்கொள்ளாதே.

இப்போது சந்தையில் நடப்பது என்ன? கேபிள் வேலை செய்யவில்லை என்றால் கனெக்டர் மூடியைக் கழற்றி 7-ஐயும் 8-ஐயும் ஒரு துண்டுக் கம்பியால் சால்டர் செய்துவிடுகிறார்கள். கணினி "அனுப்பலாமா?" என்று கேட்கிறது, அந்தக் கேள்வியே சுற்றி வந்து "அனுப்பு" என்று அதன் காதில் விழுகிறது. எதிரே இருக்கிற இயந்திரம் என்ன நிலையில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

அச்சு வெட்டும் பட்டறை ஒன்றில் இதன் விலையைப் பார்த்தேன். இயந்திரத்தின் நினைவகம் சின்னது. நீளமான புரோகிராமைக் கணினியிலிருந்து சிறிது சிறிதாக ஊட்டியபடியே வெட்ட வேண்டும். சின்ன வேலைகள் எல்லாம் அருமையாக ஓடின. பெரிய வேலை மட்டும் பாதியில் அலாரம் அடித்து நிற்கும். டூல் நின்ற இடத்தில் அச்சின் முகத்தில் ஒரு தழும்பு விழும். நாட்கணக்காகப் பாலிஷ் போட்டாலும் போகாது. முதலாளி கணினியை மாற்றினார், யூஎஸ்பி கன்வர்ட்டரை மாற்றினார், ஆபரேட்டரைத் திட்டினார். அந்த ஆபரேட்டர் நல்ல கைகாரர். தலை குனிந்து நின்றார். என் மூத்தவர் கனெக்டர் மூடியைத் திறந்தார். 7-க்கும் 8-க்கும் நடுவே பச்சை நிறத்தில் அரை அங்குலக் கம்பி. இயந்திரம் "பொறு, பொறு" என்று தன் பக்கத்தில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தச் சொல் கணினிக்குப் போகவே வழியில்லை. சின்ன புரோகிராம்கள் நினைவகத்துக்குள் அடங்கியதால் யாரும் அதுவரை கண்டுபிடிக்கவில்லை.

துண்டுக் கம்பியை எடுத்துவிட்டு, இயந்திரத்தின் 25 பின் கனெக்டரில் 4-ஐக் கணினியின் 8-க்கும், கணினியின் 7-ஐ இயந்திரத்தின் 5-க்கும் போட்டார். அன்று மாலை தொடங்கிய வேலை நிற்காமல் முடிந்தது. ஆபரேட்டரிடம் முதலாளி மன்னிப்புக் கேட்கவில்லை. மூத்தவர் கேட்டார். எங்கள் ஆட்கள் செய்த வேலை அது, உங்கள் தப்பு ஒன்றுமில்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

எதிர்க்கருவியில் அந்தக் கம்பிகளே இல்லை, தரவும் கொஞ்சம்தான் என்றால் அந்த மாதிரித் துண்டுக் கம்பியை, அதாவது ஜம்பரை, போடலாம். மூன்று கம்பியில் ஓடுகிற எடைமேடைகள் ஏராளம். ஆனால் ஏன் போட்டாய் என்று மூடியின் மேலேயே எழுதி ஒட்டு. மறைத்துப் போட்ட ஜம்பர் அடுத்து வருகிறவனுக்கு நீ சொல்லும் பொய்.

7. நிறைவதற்கு முன்பே 'பொறு' என்று சொல். 'பொறு' என்ற சேதி போய்ச் சேர்வதற்குள் சில எழுத்துகள் வழியில் இருக்கும். கணினியின் சீரியல் போர்ட்டில் இருக்கிற 16550 ஐசி 16 எழுத்துகளைக் கையில் வைத்திருக்கும். யூஎஸ்பி கன்வர்ட்டர் தன் பங்குக்குக் கொஞ்சம் வைத்திருக்கும். அனுப்புகிறவன் நின்ற பிறகும் அவை வந்து விழும். ஆகவே நீ வாங்குகிற பக்கத்துப் புரோகிராம் எழுதினால், குடம் விளிம்பு தட்டுவதற்கு ஒரு சாண் முன்பே குழாயை மூடச் சொல்கிற மாதிரி, முக்கால் பங்கிலேயே கம்பியை மைனஸுக்கு இறக்கு. வாழ்க்கையிலும் அப்படியே இரு. வேலை தலைக்கு மேல் போன பிறகு முடியவில்லை என்று சொல்வதைவிட, போவதற்கு முன் சொல்வது உனக்கும் நல்லது, உன் மேலதிகாரிக்கும் நல்லது. இளம் வயதில் 'முடியாது' என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். சொல்லிப் பழகு.

8. தரவோடு கலந்து வரும் கட்டளையிடம் கவனமாக இரு. தனிக் கம்பி இல்லாத இடங்களில் எக்ஸ்-ஆஃப், எக்ஸ்-ஆன் என்று இரண்டு எழுத்துகளால் நிறுத்து, அனுப்பு என்று சொல்வார்கள். 19 வந்தால் நிற்க வேண்டும், 17 வந்தால் தொடர வேண்டும். எழுத்தும் எண்ணுமாகப் போகிற சிஎன்சி புரோகிராமுக்கு இது நன்றாகப் பொருந்தும். படமோ நிரல் கோப்போ அனுப்பினால் அதற்குள்ளேயே 19 என்ற மதிப்பு தற்செயலாக வரும், பேச்சு நின்றுவிடும். 17 மட்டும் வழியில் தொலைந்துவிட்டால் இரண்டு கருவிகளும் ஒன்றையொன்று எதிர்பார்த்தபடி நின்றே கிடக்கும். அப்படி நிற்பதைக் கண்டால் போர்டைக் கழற்றாதே. டெர்மினலில் கன்ட்ரோலும் கியூவும் சேர்த்து அழுத்து. அது 17-ஐ அனுப்பும்.

9. "நான் இருக்கிறேன்" என்று சொல்கிற கம்பிகளை அற்பமாக எண்ணாதே. 4-ஆம் பின் டிடிஆர், 6-ஆம் பின் டிஎஸ்ஆர். இருக்கிறேன், நானும் இருக்கிறேன். 1-ஆம் பின் டிசிடி, எதிர்முனை மோடத்தின் குரல் கேட்கிறது என்று சொல்வது. 9-ஆம் பின், மணி அடிக்கிறது என்று சொல்வது. மோடம் நாட்களில் கணினி டிடிஆரை இறக்கினால் மோடம் அழைப்பைத் துண்டித்துவிடும். புரோகிராம் செத்துப்போனாலும் தொலைபேசிக் கட்டணம் ஏறாமல் காத்தது அந்தக் கம்பிதான். பழைய சீரியல் மவுஸுக்குத் தனி மின்சாரம் கிடையாது. டிடிஆர், ஆர்டிஎஸ் கம்பிகளிலிருந்து சொட்டுச் சொட்டாக எடுத்தே உயிர் வாழ்ந்தது.

இந்தக் காலத்து அர்டுயினோ ஊனோவிலும் இதே டிடிஆர் வேலை செய்கிறது. கணினியில் போர்ட்டைத் திறந்ததும் டிடிஆர் அசைகிறது. 100 நானோஃபாரட் கெபாசிட்டர் வழியாக அந்த அசைவு ரீசெட் பின்னுக்குப் போய்ப் போர்டை மறுபடி தொடங்க வைக்கிறது. புதிய புரோகிராம் ஏற்றுவதற்கு வசதியாக வைத்தது. ஒரு கல்லூரியில் வெப்பநிலை பதிவு செய்யும் கருவி அவ்வப்போது தன் கணக்கை மறந்துவிடுகிறது என்றார்கள். யாராவது கணினியில் பார்க்கலாம் என்று திறந்தபோதெல்லாம் அது மறந்தது. பார்ப்பதாலேயே கெட்டது. காரணம் தெரிந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். தெரியாதவரை பிள்ளைகள் சென்சாரைப் பழித்துக்கொண்டிருந்தார்கள்.

10. சிப்பின் பின்னை நேராக ஆர்எஸ்-232 கம்பியில் கட்டாதே. மைக்ரோகன்ட்ரோலரின் சீரியல் பின்னில் 0-வும் 5-உம், இல்லை 0-வும் 3.3-உம். அங்கே 1 என்றால் மேலே. கேபிளில் 1 என்றால் மைனஸ். நடுவில் திருப்பிப் போட ஓர் ஐசி வேண்டும். 1987-இல் வந்த மேக்ஸ்232 வெறும் 5 வோல்ட்டிலிருந்து, நான்கு கெபாசிட்டர்களின் துணையோடு, பிளஸ்ஸையும் மைனஸையும் தானே உண்டாக்கிக்கொள்கிறது. அதைச் சுற்றியிருக்கிற கெபாசிட்டர் காய்ந்துபோனால் வோல்ட் இறங்கும், கேபிள் நீளமானதும் தடுமாறும். மீட்டரில் மைனஸ் 9 வர வேண்டிய இடத்தில் மைனஸ் 3 வந்தால் அங்கே பார்.

11. தூரத்தைக் கண்டு சளைக்காதே, தூரத்தை ஏய்க்கவும் பார்க்காதே. பழைய விதி 15 மீட்டர். கேபிளின் மின்தேக்கம் 2500 பிகோஃபாரடுக்குள் இருக்கட்டும் என்று பின்னாளில் திருத்தினார்கள். நல்ல கேபிள் என்றால் இன்னும் கொஞ்சம் போகலாம். தூரம் கூடினால் முதலில் வேகத்தைக் குறை. எடைமேடை ஒரு லாரிக்கு ஓர் எண்தான் அனுப்புகிறது. அதற்கு 115200 எதற்கு? 1200 போதும்.

அதற்கும் மேல் தூரம் என்றால் ஆர்எஸ்-485-க்குப் போய்விடு. 1983-இல் வந்தது. முறுக்கிய இரண்டு கம்பிகளுக்கு நடுவே உள்ள வேறுபாட்டைத்தான் படிக்கும். 200 மில்லிவோல்ட் வேறுபாடு இருந்தால் போதும். மெதுவான வேகத்தில் 1200 மீட்டர்வரை போகும். இரண்டு கோடியிலும் 120 ஓம் போடு. நடுவில் இருக்கிற கருவிகளில் போடாதே. ஒரே ஜோடிக் கம்பியில் 32 கருவிகள்வரை உட்காரலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். பேசி முடித்தவர் கம்பியை விட்டுவிட வேண்டும். கடைசி ஸ்டாப் பிட் போவதற்கு முன் விட்டால் கடைசி எழுத்து அறுந்துபோகும். விடத் தாமதித்தால் பதில் சொல்ல வந்தவரோடு மோதும். இந்தக் கோளாறை நீ நிச்சயம் சந்திப்பாய்.

12. கேபிளை உன் கையெழுத்து என்று நினைத்துச் செய். சால்டர் மினுங்க வேண்டும், கம்பியின் தோல் கனெக்டருக்குள்ளே கிளாம்பில் இறுக வேண்டும், இழுத்தால் பாரம் சால்டரில் விழக்கூடாது. ஷீல்டை ஒரு முனையில் மட்டும் கட்டு. தேவையான கம்பிகளை மட்டும் போடு. 25 கம்பியும் நேராகப் போன ரெடிமேட் கேபிளை எல்லா இடத்திலும் மாட்டாதே. சில பழைய சிஎன்சி கன்ட்ரோலர்களில் 25-ஆம் பின்னில் 24 வோல்ட் இருக்கும். பழைய டேப் ரீடருக்காக வைத்தது. அது கணினிக்குள் போனால் போர்ட் மிஞ்சாது.

13. எதிர்ப்பக்கத்தைக் குறை சொல்வதற்கு முன் உன் பக்கத்தைச் சோதி. கணினியின் போர்ட்டில் 2-ஐயும் 3-ஐயும் ஒரு கிளிப்பால் இணை. டெர்மினலைத் திறந்து ஃப்ளோ கன்ட்ரோல் வேண்டாம் என்று வைத்துத் தட்டச்சு செய். தட்டிய எழுத்து திரும்பி வந்தால் உன் போர்ட், டிரைவர், புரோகிராம் மூன்றும் நலம். பிறகு கிளிப்பை எடு. எழுத்து நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை என்றால் திரை தனக்குத்தானே காட்டிக்கொள்கிறது; நீ பார்த்தது சோதனையே இல்லை. கிளிப்பைப் போடுவது எல்லோருக்கும் தெரியும். எடுத்துப் பார்க்கிறவர்கள் குறைவு. நீ எடுத்துப் பார்க்கிறவர்களில் ஒருவராக இரு.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன், அந்த இடத்தில் தினமும் வேலை பார்க்கிற ஆளிடம் உட்கார்ந்து கேள். "எப்போதிலிருந்து இப்படி? மழை பெய்ததா? பக்கத்தில் வெல்டிங் நடந்ததா? யாராவது மேசையை நகர்த்தினார்களா?" எடைமேடையில் டோக்கன் போடுகிற அம்மாவுக்குப் பின் நம்பர் தெரியாமல் இருக்கலாம். காற்றாடி சுற்றும்போது மட்டும் எண் தவறுகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். அவரைப் பெயர் சொல்லி மரியாதையோடு கூப்பிடு. அவசரமாக வந்து அவரைத் தாண்டிப் போகிற எஞ்சினியர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார்.

14. கிளம்புவதற்கு முன் எழுதி வை. எந்தப் பின் எந்தப் பின்னோடு, வேகம், பிட், பாரிட்டி, ஸ்டாப் பிட், ஃப்ளோ கன்ட்ரோல், தேதி. கனெக்டர் அருகே ஒரு சீட்டு, மேசை இழுப்பறையில் ஒரு நகல், உன் நோட்டில் ஒன்று. ஜம்பர் போட்டிருந்தால் அதையும், எது சரியாகப் புரியவில்லையோ அதையும் சேர்த்து எழுது. "ஐசி மாற்றினேன், வேலை செய்கிறது, ஏன் போனது என்று தெரியவில்லை" என்று எழுதிய ரிப்போர்ட்டைக் கண்டு யாரும் உன்னை மட்டமாக நினைக்கமாட்டார்கள். அடுத்த முறை அங்கே வருகிறவர் அந்தக் கடைசி வரியிலிருந்துதான் தன் வேலையைத் தொடங்குவார்.

முதல் மாதச் சம்பளத்தில் நல்ல மீட்டர் ஒன்று வாங்கிக்கொள், கண்ணு. சிவப்பும் பச்சையும் விளக்கு வைத்த பிரேக்-அவுட் பெட்டி எங்காவது பழையதாகக் கிடைத்தாலும் விடாதே. எந்தக் கம்பி 'ஆம்' என்கிறது, எது 'பொறு' என்கிறது என்று ஒரே பார்வையில் காட்டும். புரியாத கோளாறு வந்தால் இரவு எந்நேரமானாலும் எனக்குப் போன் செய். கூப்பிடும்போது மீட்டர் கையில் இருக்கட்டும். 5-இல் கறுப்பு முனையை வைத்துவிட்டுக் கூப்பிடு.